பாத்ரூமில் கழற்றி மாட்டும் கைப்பிடி: வாங்கலாமா?

2023 ஜூன் 14, நுவரெலியாவிலிருந்து ஒரு கேள்வி

அம்மாவுக்கு 74 வயது. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். கொழும்பில் இருக்கும் அண்ணன், ரப்பர் கிண்ணத்தைச் சுவரில் அழுத்தி ஒட்டும் கைப்பிடி ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அவருடைய மாமியாருக்கு இரண்டு வருஷமாக அதுதானாம், ஒரு நாளும் கழன்றதில்லையாம். ஓட்டையும் வேண்டாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம், இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கிறார். இங்கே யாராவது பாவித்திருக்கிறீர்களா?

ஜூன் 14, இரவு

வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது, அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம். அம்மா 41 வருஷம் கொழுந்து பறித்தவர். வயது 71, உயரம் நாலடி ஒன்பது அங்குலம், எடை 45 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2022 ஒக்டோபரில் கொழும்பில் ஒரு கடையில் அந்தக் கைப்பிடியை நானே பார்த்து வாங்கினேன். வெள்ளை பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் ரப்பர் கிண்ணம், கிண்ணத்தின் மேல் ஒரு நெம்பு. நெம்பை மடக்கினால் சிவப்புப் புள்ளி போய்ப் பச்சை வரும். ஒட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அம்மாவும் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

பதினொரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, குளித்துவிட்டு எழும்பும்போது கழன்றது. நான் வெளியே கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் சத்தம், அப்புறம் அம்மாவின் குரல்: "தம்பி, கம்பி கையோட வந்துருச்சுடா." விழுந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. கைப்பிடியை ஒரு கையில் விடாமல் பிடித்தபடியே சரிந்ததில் மற்றக் கையை ஊன்றிவிட்டார், மணிக்கட்டு முறிந்தது. 1990க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. ஆறு வாரம் கை பிளாஸ்டரில்.

கைப்பிடி இல்லாத காலத்தில் அம்மா பாத்ரூமில் விழுந்ததே இல்லை. சுவரைத் தடவித் தடவி, மெல்ல எழும்புவார். கைப்பிடி வந்த பிறகுதான் அதை நம்பி முழுப் பாரத்தையும் கொடுத்தார். அந்த நம்பிக்கையை வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஜூன் 17

கொழும்பில் இரண்டு வருஷம் நின்றது இங்கே பன்னிரண்டு நாளில் ஏன் கழன்றது என்பதற்கு நான் நினைக்கும் காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கிண்ணத்தில் பசை எதுவும் இல்லை. நெம்பை மடக்கும்போது உள்ளே இருக்கும் காற்று குறைகிறது, வெளியே இருக்கும் காற்று கிண்ணத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்படியென்றால் வெளிக் காற்றுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவுதான் கிண்ணத்துக்கும். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். எங்கள் கிண்ணம் 10 செ.மீ. விட்டம். உள்ளே துளிக் காற்றும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதை நேராக இழுத்துப் பிடுங்கக் கொழும்பில் 80 கிலோ பலம் வேண்டும், நுவரெலியாவில் 65 கிலோ போதும். எங்கள் பக்கம் 70.

ஆகவே அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் இருப்பது கடற்கரையில், நீங்கள் இருப்பது மலையில்.

ஜூன் 18

கம்பளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் கணக்குப்படியே உங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் 70 கிலோ தாங்க வேண்டும். இரண்டு கிண்ணம் இருந்தது. அம்மா 45 கிலோ. பிறகு எப்படிக் கழன்றது?"

சரியான கேள்வி. நேற்று எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை. இரவு முழுக்க யோசித்தேன், காலையில் போய்ப் பாத்ரூம் சுவரை அளந்தேன். உயரம் பிடியைக் கொஞ்சம் குறைக்கும், அது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததற்கு அது காரணம் இல்லை. நேற்றைய கடைசி வரிகளை விட்டுவிடுங்கள்.

எங்கள் டைல் 8 அங்குலம் அகலம், 12 அங்குலம் உயரம். கைப்பிடியின் ஒரு கிண்ணம் டைலின் நடுவில் பட்டால் மற்றக் கிண்ணம் இரண்டு டைல் சேரும் கோட்டில்தான் விழும். நாங்கள் ஒட்டிய இடத்தில், பிறகு வேறு கம்பி ஒன்றைத் திருகிப் பார்த்த தழும்பு இன்னும் தெரிகிறது, அதை வைத்துப் பார்த்தேன், கிண்ணத்தின் ஓரம் விரல் அகலத்துக்குக் கோட்டின் மேல் ஏறியிருக்கிறது. அந்தக் கோட்டில் பூசியிருப்பது சீமெந்துப் பூச்சு. அதன் வழியாகக் காற்று நூல் நூலாக உள்ளே போகும். ஒட்டிய அன்று பச்சை காட்டும். பத்து நாளில் என்ன காட்டியது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இந்தச் சாமானை ஒவ்வொரு முறை பிடிக்கும் முன்னும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் கழற்றித் துடைத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். 71 வயது மனுஷி கண்ணாடி போடாமல் குளிக்கப் போகும்போது அந்தச் சின்னப் புள்ளி சிவப்பா பச்சையா என்று எங்கே பார்ப்பது?

அப்புறம் நம் ஊர்க் காலை. வெளியே பனி, சுவர் குளிர்ந்து கிடக்கும், உள்ளே சுடுதண்ணியின் ஆவி, டைல் முழுக்கத் தண்ணீர் பூத்திருக்கும், அதன் மேல் சவுக்காரப் படலம். குளிரில் ரப்பரும் விறைக்கும். கிண்ணம் கீழே வழுகாமல் இருப்பது உராய்வால்தான், அந்த உராய்வு ஈரத்தில் போய்விடும். அதோடு எழும்பும் ஆள் நேராக இழுப்பதில்லை, சரித்து, ஒரு ஓரத்தை உரிப்பதுபோல இழுப்பார். ஓரம் கொஞ்சம் தூக்கினால் காற்று புகுந்துவிடும், அதற்குப் பிறகு 70 கிலோவும் இல்லை 7 கிலோவும் இல்லை.

ஜூன் 18, பிறகு

பழைய பெட்டியைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது: சமநிலைக்கு மட்டும், உடல் எடையைத் தாங்க அல்ல. முன்பக்கம் ஒரு பாட்டி அதைப் பிடித்து எழும்பும் படம்.

ஜூன் 25

நுவரெலியாக்காரருக்கு இன்னும் வழி சொல்லாமல் என் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாடகை வீட்டில், சுவரைத் தொடாமல் என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தவரை:

கொமட் (கதிரைபோல உட்காரும் கக்கூஸ்) இருந்தால், அதன் இரண்டு பக்கமும் கைப்பிடி வரும் சட்டம் ஒன்று கிடைக்கும். கொமட்டின் இருக்கையைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, சட்டத்தின் தகட்டை இடையில் வைத்துத் திரும்ப முடுக்க வேண்டும், கால்கள் தரையில் ஊன்றும். வீடு மாறும்போது பத்து நிமிஷத்தில் கழற்றலாம். இரண்டு கையையும் சமமாக ஊன்றி எழும்புபவர்களுக்கு நல்லது. ஒரு பக்கமாகவே பாரம் போடுபவர் என்றால் ஆடும், போல்ட்டை மாதம் ஒரு தடவை முடுக்க வேண்டும்.

தரைக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் முறுக்கி நிறுத்தும் கம்பம் ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள், படம் அனுப்புவார்கள். அதற்கு மேலே கொங்கிறீற் தட்டோ கனமான மரச் சட்டமோ வேண்டும். தகரக் கூரைக்கும் மெல்லிய சீலிங் பலகைக்கும் அது ஆகவே ஆகாது.

குளிப்பதற்கு, கால்களில் ரப்பர் அடி உள்ள அலுமினியக் கதிரை. சாதாரண பிளாஸ்டிக் கதிரையைப் போடாதீர்கள். ஈரத் தரையில் அதன் கால் விரியும், நாலைந்து வருஷம் வெயிலில் கிடந்த கதிரை என்றால் வெடித்தே போகும். ரப்பர் அடி தேய்கிறதா என்று பாருங்கள், தேய்ந்தால் அதுவும் வழுக்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், வாளி. நாம் வாளியைத் தரையில் வைத்துத்தான் குளிக்கிறோம். ஒவ்வொரு கோப்பைக்கும் குனிந்து நிமிர வேண்டும், கண்ணில் சவுக்காரம், தலை கீழே. அம்மா தடுமாறுவது எப்போதும் அந்த நேரத்தில்தான் என்று பிறகு அவரே சொன்னார். இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் வாளியை வைத்தோம், கதிரையில் உட்கார்ந்தால் வாளியின் விளிம்பு இடுப்புக்கு நேராக வரும். செலவே இல்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் அந்தக் கைப்பிடியை வாங்கியிருக்கவே மாட்டேன் என்றுகூட நினைக்கிறேன்.

ஜூன் 26

"வீட்டில் ஆள் இருக்கும்போது கம்பி எதற்கு, பிடித்துக் குளிப்பாட்ட வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஐயா, நான் மகன். அம்மா குளிக்கும்போது நான் உள்ளே போக அவர் விடமாட்டார், நானும் போகமாட்டேன். என் மனைவி ஆசிரியை, காலை ஆறரைக்கு பஸ் பிடிக்கப் போய்விடுவார். அக்கா ஹட்டனில். வாசலுக்கு வெளியே நின்று "சரியா அம்மா, சரியா அம்மா" என்று கேட்பதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாது. நான் உள்ளே போய்ப் பிடிக்க முடியாத இடத்தில்தான் எனக்கு அந்தக் கம்பி வேண்டும்.

ஜூலை 2

கொமட் இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கம் பாதிக்கு மேல் குந்தும் கக்கூஸ்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் வரும் அளவெல்லாம் கொமட்டுக்கு. அமெரிக்க விதியில் கைப்பிடியின் உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் இடைவெளி, கம்பியின் பருமன் ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம், 250 இறாத்தல் பாரம் தாங்க வேண்டும், அதாவது 113 கிலோ. இடைவெளியும் பருமனும் தாங்கும் பலமும் நமக்கும் சரி. உயரம் சரி வராது. குந்தியிருக்கும் ஆளுக்கு 36 அங்குலம் தலைக்கு மேலே. கையைத் தலைக்கு மேல் தூக்கி, தோள் மூட்டில் தொங்கி எழும்புவது வயதானவர்களால் ஆகாத காரியம்.

அம்மாவுக்கு எந்த உயரம் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? எங்கள் பழைய கக்கூஸ் சுவர் டைல் இல்லாதது, வெள்ளையடித்த சுவர். அதில் வலது பக்கம், குந்துமிடத்துக்குச் சற்று முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு அழுக்குத் தடம். வருஷக்கணக்காக நாங்கள் பார்த்த தடம், தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளை அடிப்போம், ஒரு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். வேலைக்கு வந்த மேசன் பாஸ்தான் (கொத்தனார்) கேட்டார், "இது யார் கை?" என்று. அம்மாவின் கை. எழும்பும்போது தினமும் ஊன்றும் இடம். தரையிலிருந்து அளந்தால் 64 செ.மீ. அதற்கு மேலே, முழுதாக நிமிர்ந்த பிறகு கை வைக்கும் இடத்தில், மங்கலாக இன்னொரு தடம், 88 செ.மீ.

எந்தக் கடைக்காரரும் இந்த இரண்டு எண்ணையும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். டைல் சுவர் என்றால் தடம் தெரியாது, அப்போது அம்மாவின் கையில் கொஞ்சம் மாவைத் தடவிவிட்டு, வழக்கம்போல உட்கார்ந்து எழும்பச் சொல்லுங்கள். உடுப்போடுதான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

உட்கார்ந்து இறங்கப் படுக்கையான கம்பி உதவும், இழுத்து எழும்ப நிமிர்ந்த கம்பி உதவும். அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. "பஸ் வாசக் கம்பி மாதிரி ஒண்ணு நட்டுடு தம்பி, அத புடிச்சா நான் ஏறிருவேன்" என்றார்.

ஜூலை 9

பலர் கேட்டதால், இப்போது எங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். 2023 பெப்ரவரியில் செய்தது.

முதலில் சுவரில் திருகிப் பார்த்தோம், அதுவும் தோல்வி. எங்கள் சுவர் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல். பிளாஸ்டிக் பிளக் பொந்துக்குள் போய்ச் சுழன்றது, பாஸ் ஒரு இழுப்பு இழுத்தார், பூச்சோடு வந்துவிட்டது. பழைய லயத்துக் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) கருங்கல் சுவர் என்றாலும் சும்மா நம்பாதீர்கள், கல் உறுதி, கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து உதிரும். அப்படிச் சுவரில் போட்டே ஆக வேண்டும் என்றால் சுவரை ஊடுருவி நீள போல்ட், மறுபக்கத்தில் இரும்புத் தகடு, அதன் மேல் நட்டு.

பாஸ் சொன்னார், சுவரை விடு, தரையைப் பிடிப்போம் என்று. ஜீ.ஐ. பைப்பில் (நாகம் பூசிய இரும்புப் பைப்) கவிழ்த்த 'ப' வடிவில் ஒரு பிடி. அதன் இரண்டு காலும் தரையில் புதைத்த இரண்டு பைப் உறைக்குள் இறங்கும். உறை ஒரு அடி ஆழம், சுற்றிலும் கொங்கிறீற். பிடி ஒன்றேகால் அங்குலப் பைப், உறை ஒன்றரை அங்குலப் பைப். தரை கழுவ வேண்டும் என்றால் மேலே தூக்கினால் பிடி வந்துவிடும். கழற்றும் சாமான்தான் இதுவும், ஆனால் நேராக மேலே தூக்கினால் மட்டும் கழலும். கீழே அழுத்தினாலும் பக்கத்தில் இழுத்தாலும் போகாது. ரப்பர் கிண்ணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

உறை இரண்டையும் தனித்தனியாக அளந்து புதைக்காதீர்கள். கால் அங்குலம் பிசகினால் பிடி இறங்காது. பிடியின் கால்களில் உறையை மாட்டி, பிடியோடு சேர்த்தே குழியில் நிறுத்தி, மட்டம் பார்த்துக் கொங்கிறீற் போட வேண்டும். காலுக்குக் கிரீஸ் தடவிப் பத்திரிகைக் கடதாசி சுற்றினால் பிறகு வெளியே வரும். ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது.

ஜூலை 10

பைப் அளவைத் தவறாக எழுதிவிட்டேன். யாராவது வாங்கியிருந்தால் மன்னியுங்கள், கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பாஸிடம் கேட்டேன். பிடி ஒரு அங்குலப் பைப், உறை ஒன்றேகால் அங்குலப் பைப். நான் எழுதியபடி ஒன்றேகாலை ஒன்றரைக்குள் விட்டால் போகாது. ஜீ.ஐ. பைப்பில் சொல்லும் அங்குலம் வெளி அளவு அல்ல. ஒரு அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ. ஒன்றேகாலின் வெளி விட்டம் 42.4, நடுத்தரக் கனத்தில் உள் அளவு 36க்குக் கிட்ட. ஆகவே ஒரு அங்குலப் பைப் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியோடு அழகாக இறங்கும். ஒன்றரையின் உள் அளவு 42க்கும் ஒரு மயிரிழை குறைவு, 42.4 அதற்குள் எப்படிப் போகும்?

நல்லதும் ஒன்று இருக்கிறது. 33.7 மி.மீ. பருமன் அம்மாவின் கைக்குச் சரி. அத்தனை வருஷம் கொழுந்து கிள்ளிய விரல், மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது, இரண்டு அங்குலப் பைப்பைச் சுற்றிப் பிடிக்க அவருக்குக் கை மூடாது.

ஜூலை 12

அந்த இரண்டு மி.மீ. இடைவெளியில் ஆடாதா என்று கேட்டால், ஆடும். உறையிலும் பிடியிலும் குறுக்கே ஒரு துளை போட்டு போல்ட் ஒன்றைச் செருகியிருக்கிறோம், கழுவும் நாளில் மட்டும் அதை எடுப்போம். ஆடும் கம்பியை வயதானவர்கள் நம்பமாட்டார்கள், திரும்பச் சுவரைத் தடவப் போய்விடுவார்கள். உறையின் அடியில் சல்லிக்கல் கொஞ்சம் போட்டு வைத்தால் தண்ணீர் தேங்காது.

ஓகஸ்ட் 6

பொகவந்தலாவைப் பக்கம் என் சித்தி இருக்கிறார், லயத்துக் காம்பரா, கக்கூஸ் வெளியே, இன்னும் இரண்டு குடும்பத்துக்கும் அதுதான். அங்கே நிரந்தரமாக இரும்பு எதையும் நட முடியாது. இரவில் இருப்பது காலையில் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதனால் சித்திக்கு உறையை மட்டும் புதைத்தோம், ஒரே உறை, வாயில் ஒரு மூடி. பிடி ஒற்றைப் பைப். காலையில் தம்பி கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான், இருட்டுமுன் எடுத்து வந்து கட்டிலுக்கடியில் போடுவான். நாலரை அடிப் பைப் மூன்று கிலோவுக்கு மேல் வரும், சித்தியால் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாது.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும் அதையே பிடித்துப் பழகிவிட்டார். இப்போது பைப் வரத் தாமதமானால் அவர்தான் முதலில் சத்தம் போடுகிறார். முன்பு அங்கே மேல் கட்டையில் கட்டிய கயிறு ஒன்று தொங்கியது. கயிறு இழுக்க உதவும், ஆனால் நிறுத்தாது. நாம் எந்தப் பக்கம் சரிகிறோமோ அதுவும் அந்தப் பக்கமே வரும்.

சித்தி வீட்டில் எனக்குக் கம்பியைவிடப் பயம் கக்கூஸுக்குப் போகும் வழிதான். பதினான்கு படி, பாசி, மழை. இரவில் போகவே வேண்டாம் என்று கொமட் கதிரை ஒன்று வாங்கிக் காம்பராவுக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தோம். முதல் இரண்டு வாரம் வெட்கப்பட்டுத் தொடவே இல்லை.

ஓகஸ்ட் 20

கிளினிக் டாக்டர் அம்மாவிடம் சொன்னதை எழுதி வைக்கிறேன், எல்லோருக்கும் பயன்படும். பிரஷர் மாத்திரை குடிப்பவர்கள் படுக்கையிலிருந்தோ குந்தியிருந்தோ சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கும். எழும்பி மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். தலை சுற்றும்போது கம்பி இருந்தும் கைக்குப் பிடி இருக்காது. விடியற்காலையில் கண் விழித்தால் முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் இருக்க வேண்டும். தண்ணீர் போக வைக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் குடிப்பது என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். இரவில் நாலு தடவை எழும்புகிறவருக்கு நாலு தடவை விழ வாய்ப்பு.

அதே கிளினிக்கின் கக்கூஸில் ஒரு கம்பிகூட இல்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை கிழவிகள் வரிசையில் இருக்கும் இடம். வலது குறைந்தவர்களின் உரிமைக்காக 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பைப் எங்கள் செலவில் நட்டுத் தருகிறோம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 13

நேற்றுத் தீபாவளி. அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தார். பாத்ரூம் பிடியில் ஈரத் துவாய் மூன்று தொங்குகிறது. ஒன்றுக்கு மூன்று ஆணி அடித்துக் கொடுத்தேன். துவாய்க்கு மேல் கை வைத்தால் துவாயும் வழுகும் கையும் வழுகும். எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், விருந்தாளிக்கும்.

2024 ஜனவரி 16

நான் எதிர்பார்க்காத ஒன்று. பொங்கலுக்கு முன் பத்து நாளாக அம்மா பிடியைத் தொடவே இல்லை. சுவரில் பழைய இடத்தில் திரும்பக் கைத்தடம் வந்திருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டால், "ஐஸ் மாதிரி சில்லுங்குது, கை மரத்துப்போவுது" என்கிறார். விடிய ஐந்து மணிக்கு இந்த மாதக் குளிரில் இரும்பு அப்படித்தான் இருக்கும், எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, நுனியைக் கம்பியால் கட்டி, அந்த முடிச்சைக் கை படாத பக்கம் மடக்கிவிட்டேன். ஈரத்திலும் வழுகவில்லை. தும்புக் கயிறு சுற்றலாம் என்று மனைவி சொன்னார், அது ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்று விட்டோம். பொங்கலன்று காலையில் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தார்.

பெப்ரவரி 4

நுவரெலியாக்காரர் எழுதியிருக்கிறார், ஏழு மாதத்துக்குப் பிறகு. அண்ணன் அனுப்பிய கைப்பிடியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கொமட்டுக்குச் சட்டம், குளிக்கக் கதிரை, வாளிக்குக் கீழே கல், எல்லாம் போட்டுவிட்டார். குளிக்குமிடத்தில் மாவு தடவிப் பார்த்ததில் தடம் 69 செ.மீ. வீட்டுக்காரரைக் கூட்டிவந்து டைலில் அந்த மாவுத் தடத்தைக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு, ஒரே ஒரு கம்பிக்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், போகும்போது பூசிக் கொடுத்தால் சரி என்று சொல்லிவிட்டாராம். பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். எப்படிப் போடுவது என்று கேட்கிறார்.

செங்கல் நல்லது, பிடிக்கும். டைல் கடக்கும்வரை ட்ரில்லில் ஹேமரை (இடித்துத் துளைப்பதை) போடாதீர்கள், டைல் வெடிக்கும். டைல் பிட்டை வைத்து மெல்லச் சுற்ற வேண்டும். வழுகாமல் இருக்க அந்த இடத்தில் பிளாஸ்டர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளக் டைலுக்குள் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் முழுதாகப் போக வேண்டும், பூச்சுக்கும் டைலுக்கும் சேர்த்து ஒன்றரை அங்குலமாவது போய்விடும், ஆகவே நீளத் திருகாணி. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், சாதாரண ஆணி உள்ளே துருப்பிடித்து அறுவது வெளியே தெரியாது. திருகுவதற்கு முன் துளைக்குள் சிலிக்கன் கொஞ்சம்.

முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடாதீர்கள். முதலில் நீங்கள் பிடியுங்கள். நீங்கள் எத்தனை கிலோவோ அத்தனையையும் போட்டு, இரண்டு காலையும் மடக்கி, கீழே, பக்கத்தில், உங்கள் பக்கம் என்று மூன்று விதமாக இழுத்துப் பாருங்கள், ஒரு கதிரையைப் பின்னால் வைத்துக்கொண்டு. மறுநாளும் ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. நான் அந்த வெள்ளைக் கைப்பிடியை ஒட்டிய அன்று மட்டும்தான் இழுத்துப் பார்த்தேன்.